கரி மையும் கட்டைவிரல் நகமும்: பார்வையிழந்த ஒருவர் துப்பாக்கிக் கட்டை செதுக்கக் கற்ற நிகழ்வு ஆய்வு

‘துப்பாக்கி செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன்’ என்று போனில் சொன்னதும் அக்கா பதறிவிட்டாள். நியாயம்தான். நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்றாலே காட்டுப்பன்றி, வனத்துறை, வழக்கு என்று நினைப்பு ஓடும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதைச் செய்வதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். நான் இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். கருமருந்தைக் குழலின் வாய்வழியாகக் கெட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிகளை இங்கே 1968ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பழம்பொருள் கணக்கில் வைத்து, மற்றத் துப்பாக்கிகளுக்கான விதிகளிலிருந்து பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அது வேறு கதை. ஆக, இங்கே இது முக்கியமாக மரவேலைக்காரர்களின் பைத்தியம். எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துப் பல வருடமாகிறது.

செய்யப்போன பொருளைப் பற்றிக் கொஞ்சம். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் பகுதிகளிலிருந்து வந்து பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய கைவினைஞர்கள், ‘யேகர்’ என்ற குட்டையான, பருத்த வேட்டைத் துப்பாக்கியின் வழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள். இங்கே வந்தபின் குழல் நீண்டது, துளை சிறுத்தது, குழலைத் தாங்கும் மரக்கட்டை ஒல்லியானது. வால்நட் மரத்தின் இடத்தை உள்ளூர் மேப்பிள் பிடித்துக்கொண்டது. லங்காஸ்டரில் ஜேக்கப் டிக்கர்ட் போன்றவர்களின் பட்டறைகளில் இந்த நீள்குழல் ரைஃபிள் தனி அழகோடு உருவாயிற்று. உலகம் இதைக் ‘கென்டக்கி ரைஃபிள்’ என்கிறது, பிறந்ததோ பென்சில்வேனியாவில். இந்தக் கலையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு 1933இல் தொடங்கிய ஒரு தேசியச் சங்கம் உண்டு. அதன் தலைமையிடம் இண்டியானாவில் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூர்.

ஆள்

அவரை இங்கே மெக்கானிக் என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். 61 வயது. லாரி பழுதுபார்த்தே வாழ்க்கையை ஓட்டியவர். சர்க்கரை நோய் விழித்திரையைத் தின்றுவிட்டது. லேசர், கண்ணுக்குள் ஊசி எல்லாம் பார்த்தும் மூன்று வருடத்தில் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் தெரியும் என்ற நிலைக்கு வந்துவிட்டார். கண் போவதற்கு முன் குழலும் லாக்கும் வாங்கி வைத்திருந்தார். லாக் என்பது சக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பொறி கிளப்பும் இயந்திரம். ஓய்வுபெற்றதும் தன் கையால் ஒரு ரைஃபிள் செய்துவிட வேண்டும் என்பது அவருடைய பழைய ஆசை. இரண்டும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடி அலமாரியில் கிடந்தன.

பார்வையிழந்தவர்களுக்கான ஒரு மையத்துக்குப் போய்வந்திருந்தார். கைத்தடியோடு நடக்கவும், போனைப் பேசவைத்துப் பயன்படுத்தவும் அங்கே நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். உளி பிடிக்க வேண்டும் என்றதும் கூடை முடையலாமே என்றார்களாம். நம் ஊரில் நாற்காலி பின்னல், மெழுகுவத்தி, ஊதுவத்தி என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோமே, அதே பட்டியல்தான். அந்தத் தொழில்களைக் குறைத்துச் சொல்லவில்லை. கேட்டது ஒன்று, கொடுத்தது வேறு என்பதுதான் அவருடைய கோபம்.

மகளுக்குச் சம்மதமில்லை. அவள் பயம் வெறும் பயமும் இல்லை. பிரெய்ல் எழுத்தைத் தந்த லூயி பிரெய்லுக்குக் கண் போனதே பட்டறைக் கருவியால்தான். அப்பா சேணம் தைப்பவர், 1812இல் மூன்று வயதுக் குழந்தை அவருடைய குத்தூசியை எடுத்து விளையாடியது. அவளைச் சம்மதிக்கவைத்தது இன்னொரு மனிதரின் கதை. கலிபோர்னியாவின் நாபாவில், என்சான்டட் ஹில்ஸ் முகாமில் பார்வையற்றவர்களுக்கு மரவேலை சொல்லிக்கொடுத்த ஜார்ஜ் வுர்ட்செல் தானே பார்வையற்ற தச்சர். அவரைப் பற்றித் தேடிப் பார்த்துவிட்டு, “சரி, ஆனா மெஷின் ரம்பத்துப் பக்கம் அப்பா போகக் கூடாது” என்றாள். ஒப்புக்கொண்டோம். கட்டையின் முதல் வெட்டை மட்டும் பட்டை ரம்பத்தில் நான் வெட்டிக்கொடுத்தேன்.

இன்னொரு சிக்கல் இருந்தது. அது தெரியவந்ததே மூன்றாவது சனிக்கிழமைதான். பார்வை போனவர்களுக்குத் தொடுதிறன் அபாரமாக வளர்ந்துவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அதை நம்பித்தான் திட்டம் போட்டேன். கண்ணைக் கெடுத்த அதே சர்க்கரை இவருடைய நரம்பையும் கெடுத்திருந்தது. காலில் ஆரம்பிக்கும் மரப்பு விரல் நுனிவரை வந்துவிட்டது. போதாக்குறைக்கு நாற்பது வருடம் ஸ்பேனர் பிடித்த காய்ப்பு. பிரெய்ல் புள்ளிகளே அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. உள்ளங்கை நன்றாக இருந்தது, மணிக்கட்டின் உட்புறம் நன்றாக இருந்தது. நுனிதான் மந்தம்.

வேலையைப் பிரித்தது

குழலையும் லாக்கையும் நாங்கள் செய்யவில்லை. அவை கடைச்சரக்கு. மரக்கட்டையைச் செதுக்குவது, இரும்பையும் பித்தளையையும் அதில் பதிப்பது, வெளிவடிவம் எடுப்பது, மெருகு போடுவது எங்கள் வேலை. பார்க்கச் சின்னதாகத் தெரியும். அனுபவப்பட்டவர்களுக்கே நூறு மணி நேரம் சாதாரணமாக இழுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று எழுதிப் பார்த்தேன். ‘இது நேரா?’, ‘இங்கே தொடுகிறதா?’, ‘இரண்டு பக்கமும் ஒன்றா?’, ‘நிறம் வந்துவிட்டதா?’ மாற்ற வேண்டியது இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும் வழியைத்தான். கருவிகளில் ஏறக்குறைய எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. உளி உளிதான்.

அளவுக்கு ஒரு சொடக்குக் கோல் வாங்கினோம். மரை வெட்டிய தண்டு, சுற்றினால் சொடக்குச் சொடக்கென்று சத்தம் வரும். ஒரு சொடக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. நம் தச்சர் கணக்கில் அரை நூல். அவரிடம் ‘நூல்’ என்ற சொல்லைச் சொன்னேன், அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிக்கும் வழக்கம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. கடைசிவரை எங்கள் பட்டறையில் நூல்தான். பென்சில் கோடு அவருக்குப் பயன்படாது, எனவே எல்லாக் கோட்டையும் கத்தியால் கீறினோம். இதில் சலுகை எதுவும் இல்லை. நல்ல தச்சன் எவனும் முக்கியமான கோட்டைக் கத்தியால்தான் கீறுவான், உளியின் வாய் தானாகவே அந்தக் கீறலில் போய் விழும்.

சில வேலைகளில் கண்ணுக்கு ஆரம்பத்திலிருந்தே இடமில்லை. குழலுக்குள் குண்டைத் தள்ளும் கோலுக்கான துளை அப்படி. கட்டையின் முன்பாதியில் அந்தக் கோல் திறந்த பள்ளத்தில் கிடக்கும். பின்னால் ஓரடிக்கு மேல் மரத்துக்குள்ளேயே ஓட வேண்டும். துளை மூன்று நூல். அதற்கும் மேலே இருக்கும் குழல் பள்ளத்துக்கும் நடுவில் மிஞ்சும் மரம் ஒரே ஒரு நூல். நாலடி நீள டிரில் பிட் மரத்துக்குள் போனபின் அது மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று எவனுக்கும் தெரியாது. என் முதல் கட்டையில் அது மேலே ஏறிக் குழல் பள்ளத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அப்போது எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் தெரிந்தன.

மெக்கானிக் வலது கையால் கைத்துரப்பணத்தைச் சுற்றினார். இடது உள்ளங்கையைக் குழல் பள்ளத்தில் படியவைத்துக்கொண்டார். ஏழெட்டு அங்குலம் உள்ளே போனதும் நிறுத்தினார்.

“மேல வருது.”

“எப்படிச் சொல்றீங்க?”

“அதிர்வு சூடா இருக்கு.”

இது எந்தப் பாடத்திலும் இல்லாத வாக்கியம். பள்ளத்தின் அடியில் ஊசித்துளை ஒன்று போட்டுப் பார்த்தேன். ஒரு நூல் இருக்க வேண்டிய இடத்தில் அரை நூல்தான் இருந்தது. பிட்டைத் தீட்டி, வழிகாட்டிக் கட்டைகளை மறுபடி இறுக்கி, மெதுவாகப் போய்ச் சேர்ந்தோம். பிய்த்துக்கொண்டு வரவில்லை.

‘இங்கே’ என்ற சொல்

முதல் இரண்டு வாரம் நான் அவருக்குச் சொன்னதில் பாதி எதற்கும் உதவாத பேச்சு. ‘இங்கே கொஞ்சம் எடுங்க’, ‘அப்படி இல்ல, இப்படி’. எங்கே? எப்படி? எவ்வளவு? கண் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது விரலும் முகமும் முக்கால்வாசி பேசிவிடுகின்றன, வாய்க்கு மிச்சம் கால்வாசிதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் ஒரு முறைக்கு வந்தோம். குழலின் பின்முனை சுழியம். அங்கிருந்து அங்குலக் கணக்கு. சுற்றளவுக்குக் கடிகாரம்: குழல் இருக்கும் மேல்பக்கம் பன்னிரண்டு, அடிவயிறு ஆறு. ‘பதினாலு அங்குலத்தில், நாலு மணிப் பக்கம், கால் நூல் தூக்கல்’ என்றால் அவருடைய கை நேராக அங்கே போகும். கால் நூல் என்றால் எவ்வளவு என்பதற்கு ஆணியில் மூன்று தகடுகள் கோத்துத் தொங்கவிட்டிருந்தோம்.

கை அசைவைக் காட்டும்போது அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. என் கை உளியைப் பிடித்திருக்கும், அவர் கை என் கைமேல் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் அவர் கையை எடுத்துக்கொள்ளலாம். பார்வைக்குறைவு உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். நான் முதலில் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். “என்னை ஸ்டியரிங் மாதிரி திருப்பாதே” என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான். நினைவில் எனக்கு அதன் கடைசியில் ஒரு ‘தம்பி’ ஒட்டிக்கொண்டு கேட்கிறது.

கரி மை

உலோகத்தை மரத்தில் பதிப்பதுதான் இந்த வேலையின் உயிர். லாக்கின் தகடு மரத்துக்குள் உட்காரும்போது சுற்றிலும் மயிரிழை இடைவெளிகூடத் தெரியக் கூடாது. கண் உள்ளவர்கள் செய்யும் முறை பழையது, எளியது. விளக்குக்கரியைக் கொழுப்பில் குழைத்து உலோகத்தின்மேல் பூசுவார்கள். குழிக்குள் வைத்து லேசாகத் தட்டி எடுத்தால், மரத்தில் எங்கே முட்டுகிறதோ அங்கே கறுப்பு ஒட்டியிருக்கும். கறுப்பை மட்டும் உளியால் சீவ வேண்டும். மறுபடி பூசு, வை, தட்டு, எடு, சீவு. ஒரு லாக்குக்கு நாற்பது, ஐம்பது தடவை. முழுக்க முழுக்கக் கண்ணை நம்பிய முறை.

இங்கேதான் ஏழு வாரம் சிக்கிக்கொண்டோம்.

முதலில் கரிக்குப் பதில் வாசலினில் சாக்பீஸ் தூளைக் குழைத்துப் பூசினோம், ஒட்டிய இடம் நரநரவென்று கையில் தட்டுப்படும் என்று. எல்லா இடத்திலும் ஈஷிக்கொண்டதுதான் மிச்சம். அடுத்து, போன் கேமரா வழியாகப் பார்த்துச் சொல்லும் தன்னார்வலர்களிடம் கேட்டுப் பார்த்தார். எங்கோ இருந்த ஒரு பெண்மணி பொறுமையாக, “நடுவில் கறுப்பாக இருக்கிறது, ஓரத்திலும் கொஞ்சம்” என்றார். தபால் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அது போதும். தலைமயிர் கனத்துக்குச் சீவும் வேலைக்குப் போதாது. நானே பார்த்துச் சொல்லலாம் என்றேன். இரண்டு சனிக்கிழமை அப்படியும் போயிற்று. லாக்கின் முன்பாதி நன்றாகவே உட்கார்ந்தது. அன்று சாயங்காலம் கருவியைத் துடைத்துக்கொண்டே, “இது உன் லாக், தம்பி. நான் உன் உளி” என்றார். அதோடு அந்த வழியை விட்டோம்.

விடை வந்தது தற்செயலாக. குழியில் ஒட்டிய வாசலினைத் துடைக்க ஒரு நாள் ஈரத்துணியைப் போட்டு அழுத்தித் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து, காய்ந்த குழியின் அடியில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். ‘சர்ர்’ என்று சத்தம். ஈரம் பட்டுக் காய்ந்த மரத்தில் நார் எழுந்து நிற்கும். உப்புத்தாள் போட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தகட்டை வைத்துத் தட்டி எடுத்துவிட்டு மறுபடி நகத்தை ஓட்டினார். ‘சர்ர்… (சத்தமில்லை)… சர்ர்.’ சத்தமில்லாத இடத்தில் எழுந்த நார் நசுங்கி வழுவழுப்பாகியிருந்தது. அங்கேதான் உலோகம் முட்டுகிறது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை ஓட்டினார். அப்புறம் நாலு நூல் உளியை எடுத்து, நகம் நின்ற இடத்தில் வாயை வைத்து, ஒரே ஒரு சீவல். மறுபடி தகடு, தட்டல், நகம். கரியைப் பூசி நான் சரிபார்த்தேன், அவருக்குச் சொல்லாமல். கறுப்பும் நகமும் ஒரே இடத்தைத்தான் காட்டின.

விரல் நுனி மந்தம் என்றேனே, நகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. தொட்டு உணர்வதைவிட, இழுக்கும்போது பிடிக்கிறதா வழுக்குகிறதா என்ற வித்தியாசமும் சத்தமும்தான் இங்கே வேலை செய்கின்றன. குறுகலான மூலைகளுக்கு நகத்துக்குப் பதில் மழுங்கலான பித்தளைக் கம்பி.

இதற்கு எல்லை உண்டு. குழியின் அடியில்தான் இது ஒழுங்காக வரும். பக்கச்சுவரில் வராது, அங்கே தகடு நசுக்காமல் உரசிக்கொண்டே இறங்குகிறது. சுவருக்குச் சிகரெட் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, தகட்டைச் சுற்றிச் செருகி இழுத்துப் பார்த்தோம். சுலபமாக வந்தால் இடைவெளி, கிழிந்தால் இறுக்கம், முனகிக்கொண்டே வந்தால் சரி. ஈரத்தை அதிகம் காட்டினால் மரம் உப்பிக்கொள்ளும், ஆகவே பிழிந்த துணி, ஒரே ஒரு துடைப்பு, அரை மணி காயல். இந்த அரை மணிகளைக் கூட்டிப் பார்த்தால்தான் வேலை ஏன் அத்தனை மாதம் இழுத்தது என்று புரியும். காத்திருக்கும் நேரத்தில் அவர் உளி தீட்டினார். தீட்டலுக்குக் கண் தேவையே இல்லை. பிசிர் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க எல்லாரும் நகத்தில்தான் இழுத்துப் பார்க்கிறோம்.

நான் செய்த தவறு

ஐந்தாவது மாதம். அவருடைய மேசையில் ஒவ்வொரு உளிக்கும் ஒரு குழி, வாய் கீழே, இடமிருந்து வலமாகச் சின்னதிலிருந்து பெரியது. எடுத்ததைத் திரும்ப வைக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது. அவர் மேசையில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது. இந்த விதியை எழுதி ஒட்டியவனே நான்.

வெள்ளி இரவு மேசையைப் பெருக்கினேன், நல்ல மனசோடுதான். வாய் வளைந்த உளி ஒன்று குப்பைக்குள் கிடந்தது. எடுத்து மேசையோரம் வைத்தேன், அதன் இடத்தில் செருகாமல், வாய் வெளியே நீட்டிக்கொண்டு. காலையில் வந்தவர் வழக்கம்போல இடது கையை ஓரத்தில் ஊன்றினார்.

அவர் கத்தவில்லை, அவருக்குத் தெரியவே இல்லை. கட்டையைத் தடவிக்கொண்டே, “இங்க எண்ணெய் சிந்தியிருக்கா? பிசுபிசுங்குது” என்றார். நான் திரும்பிப் பார்த்தபோது மேப்பிளின்மேல் சுண்டுவிரலுக்குக் கீழிருந்து கோடாக ரத்தம். அந்த ஓரம் மரத்துப்போயிருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே அதுவரை தெரியாது. நாலு தையல். சர்க்கரைக்காரர் என்பதால் ஆறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. மகள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை.

உளியால் வரும் ஆபத்தை நான் அவருடைய கண்ணோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். அந்த ஐந்து மாதத்தில் அவர் தன்னைத் தானே வெட்டிக்கொண்டது ஒரு முறைகூட இல்லை. வெட்டியது என் ஒழுங்கு. அதன்பின் இரண்டு மாற்றம்: இடது கையில் வெட்டுப்படாத கையுறை, அரை மணிக்கு ஒருமுறை கையைக் கழுவி நான் பார்ப்பது. முதலாவது அவருக்குப் பிடிக்கவில்லை. கையுறை போட்டால் மரம் பேசாது என்றார். உளி பிடிக்கும்போது கையுறை, தடவும்போது கழற்றிவிடுவது என்று சமாதானம் ஆயிற்று.

பழையது ஒன்று

வெளிவடிவம் எடுக்கத் தொடங்குமுன் அசல் ரைஃபிள் ஒன்றை அவர் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அருங்காட்சியகங்களில் எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும். படம் அவருக்குப் பயன்படாது. ஒட்டுப்பலகையில் நான் வெட்டிய மாதிரி பக்கவாட்டு உருவத்தை மட்டும் காட்டும், உருட்சியைக் காட்டாது. தெரிந்த ஒரு சேகரிப்பாளர் தன்னிடமிருந்த 18ஆம் நூற்றாண்டுக் கடைசிக்கால லங்காஸ்டர் ரைஃபிளைக் கொண்டுவந்தார். கையோடு ரப்பர் கையுறையும். மெக்கானிக் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் தடவினார், உதட்டைப் பிதுக்கினார். சேகரிப்பாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “கழற்றிருங்க. கையக் கழுவிட்டு வாங்க” என்றார்.

ஒரு மணி நேரம். அடியிலிருந்து முனைவரை உள்ளங்கையால், பிறகு புறங்கையால், பிறகு கன்னத்தால். கைப்பிடியின் கழுத்து எவ்வளவு ஒல்லி, தோளில் பதியும் அடித்தகடு எப்படி வளைகிறது, கன்னம் பதியும் மேட்டின் கீழ்விளிம்பு எங்கே கரைகிறது எல்லாம். குழலைக் கழற்றிப் பள்ளத்தைத் தொடவும் விட்டார். அங்கே விரலை வைத்தவர் சிரிக்க ஆரம்பித்தார்.

“இவன் உள்ள இழைக்கவே இல்லையே!”

உண்மை. பழைய ரைஃபிள்களில் வெளியே கண்ணாடிபோல இருக்கும் கட்டை, கழற்றிப் பார்த்தால் உள்ளே உளி தாறுமாறாகக் கொத்தியதாக இருக்கும். பார்வைக்கு வராத இடத்தில் அவர்கள் நேரத்தைச் செலவழிக்கவில்லை. இவரோ தன் குழல் பள்ளத்தை மூன்று மாதம் வழவழப்பாக்கியிருந்தார். திரும்பும் வழியில், காரில், “நான் உள்ளே வெளியே தெரியாமல் வேலை செய்துவிட்டேன்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த ஒரு மணி நேரத்துக்குப்பின் வெளிவடிவம் வேகமாக வந்தது. இரு பக்கமும் ஒன்றா என்ற கேள்விக்கு இரண்டு உள்ளங்கையையும் எதிரெதிரே வைத்து முன்னும் பின்னும் இழுத்தாலே போதும். லாக் பக்கச் சுவர் எதிர்ப்பக்கத்தைவிட அரை நூல் தடிப்பு என்றார். எனக்குத் தெரியவில்லை, அளந்தேன், இருந்தது. இதைக் கேட்டு அதிசயிப்பவர்களிடம் அடுத்ததையும் சொல்லிவிடுவேன்: அடித்தகட்டின் கீழ்முனையில் தாள் கனத்துக்கு இடைவெளி விழுந்ததை அவரும் கண்டுபிடிக்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மகள்தான் பார்த்தாள். இன்றும் அது அப்படியே இருக்கிறது.

அலைமேப்பிள் மரத்தின் கோடுகள் அவருக்கு எப்படித் தெரியும் என்று பலர் கேட்டார்கள். புலிவரிபோல வெளிச்சத்தில் அசையும் அந்தக் கோடுகள் இழைத்து முடித்த பரப்பில் கைக்குத் தட்டுப்படாது. மிச்சத் துண்டு ஒன்றைக் கோடரியால் நார்வழியே பிளந்து கொடுத்தேன். பிளந்த முகம் துணி துவைக்கும் பலகைபோல அலையலையாக இருந்தது. அலைகளை எண்ணினார். அங்குலத்துக்கு மூன்று. அந்தத் துண்டு இப்போது அவருடைய சட்டைப்பையில்.

சாயம்

இதை மட்டும் அவர் செய்யவில்லை. இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலத்தைக் கட்டையில் பூசி, சூடு காட்டினால் பச்சை கலந்த சாம்பலிலிருந்து சட்டென்று செம்பழுப்புக்கு மாறும். எந்தக் கணத்தில் நிறுத்துவது என்பது கண்ணின் வேலை. அமிலமும், சூடான காற்றை ஊதும் அனல்துப்பாக்கியும் மரத்த விரலுக்கு ஏற்றவையும் அல்ல. அவரே ஒதுங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்று, “இப்ப என்ன நிறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பார்வையோடு ஐம்பத்துச் சொச்சம் வருடம் வாழ்ந்தவர், நிறத்துக்குப் பெயர் சொன்னால் போதும் என்று நினைத்தேன். ‘பழுப்பு’ போதவில்லை. “தேன் பாட்டிலைச் சன்னல்ல வெச்ச மாதிரி” என்றதும் சரி என்றார். ஆளிவிதை எண்ணெய் தேய்த்தது முழுக்க அவர்தான்.

மொத்தம் பதினான்கு மாதம். குறித்து வைத்த கணக்கில் 170 மணி நேரத்துக்குச் சற்று மேல். என் முதல் கட்டைக்கு ஆனது கிட்டத்தட்ட 110. அதன் தள்ளுகோல் துளைதான் பிய்ந்தது என்பதையும் சேர்த்தே படிக்கவும்.

இரண்டு சத்தம்

சுடுவதில் அவருக்கு ஆர்வம் இருக்கவில்லை. ஒலியைக் கேட்டுக் குறிவைக்கும் ஏர் ரைஃபிள் போட்டிகள் பார்வையற்றவர்களுக்கு உண்டு, இலக்கின் நடுவை நெருங்க நெருங்கச் சுருதி ஏறும். சொன்னேன். “நான் செய்யத்தான் ஆசைப்பட்டேன்” என்றார். பேரன்தான் சுட்டான், பத்தொன்பது வயதுப் பையன். ரேஞ்சில் நாங்கள் மூன்று பேர்தான்.

முதல் வேட்டு வெடித்தது. பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாத்தா காதடைப்பானைச் சரிசெய்துகொண்டார்.

“ரெண்டு சத்தம் கேக்குது.”

“ஒண்ணுதான் தாத்தா.”

“இன்னொரு தடவை சுடு.”

இரண்டாவது முறை நானும் கவனித்தேன். கல் தட்டி, வெளியே சிறு கிண்ணத்தில் இருக்கும் மருந்து ‘ஃப்ஸ்’ என்று பற்றுகிறது, ஒரு இமைப்பொழுது கழித்துத்தான் குழல் வெடிக்கிறது. சக்கிமுக்கி ரைஃபிள் நன்றாக வேலை செய்தால் இரண்டும் ஒன்றாய்க் கலந்து ஒரே சத்தமாகக் கேட்கும். பையன் கிண்ணத்தை நிரப்பி வழியவிட்டிருந்தான். குழலுக்குள் தீயைக் கொண்டுபோகும் பக்கத்துத் துளையை மருந்து அடைத்துக்கொண்டால் திரிபோல எரிந்து உள்ளே போவதற்கு நேரம் பிடிக்கும். மெக்கானிக் விரலால் கிண்ணத்தைத் தொட்டுப் பார்க்கக் கேட்டார், பையன் ரைஃபிளைப் பாதுகாப்பாகப் பிடித்துக் காட்டினான். “பாதி எடு.”

மூன்றாவது, ஒரே சத்தம்.

புகை கலையுமுன்னே பையன் பைனாகுலரை எடுத்துவிட்டான். தாத்தா கட்டையை வாங்கி, லாக்கைச் சுற்றி நகத்தை ஒருமுறை ஓட்டினார், மெதுவாக, முழுச் சுற்று.

“பட்டுச்சா?”

“பட்டுச்சு தாத்தா, கொஞ்சம் இடப்பக்கமா.”

“சரி. வெந்நி கொண்டுவந்தியா? துரு ஏறும், துடைக்கணும்.”